மாதிரி பதினான்கில் பேசுபவள்

லுத்பியா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாள். அவளுக்காக ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறார்களாம். "நீங்கதானே மிஸ் அவவோட கனகாலம் வேலை செய்தனீங்கள். அவவின்ர வாழ்க்கையைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று அவளுடைய பயிற்சி வகுப்பு அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கேட்டாள். எழுதினேன். பணிவு, பொறுமை, மாறாத புன்னகை என்று மலர்களுக்கென்றே பிறந்த சொற்களை எல்லாம் போட்டு இரண்டு பக்கத்தையும் நிரப்பினேன். பிறகு வாசித்துப் பார்த்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பெயர் மாக்ரெட். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எழுபத்து மூன்றாம் ஆண்டு எனக்கு இருபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பது நான்தான். நான் எழுந்து போய் ஒலிவாங்கி முன்னால் நின்றால் பின்வரிசையில் குழந்தைகூட அழாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மூன்று கிண்ணம் வாங்கியிருக்கிறேன். 'மழை' என்று நான் சொன்னால் நனையும் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஓர் ஒலி ஆய்வு நிலையத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். பெயர்தான் நிலையம். காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு எடுத்த பழைய வீடு அது. அதை நடத்தியவர் கலாநிதி ஆனந்தகிருஷ்ணன். செட்டியார் தெருவில் பெரிய கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கணக்குப் படிக்கட்டும் என்று தகப்பன் லண்டனுக்கு அனுப்பினார். பிள்ளை மனிதருடைய நாக்கைப் படித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொழும்பில் எத்தனை வகைத் தமிழ் வாய்கள் இருக்கின்றனவோ அத்தனையையும் ஒலிநாடாவில் பிடித்து ஒரு புத்தகம் போடுவது அவருடைய திட்டம். யாழ்ப்பாணத்தவர், மலைநாட்டவர், முஸ்லிம்கள், கடைத்தெரு வணிகர்கள், எங்களைப் போன்ற கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் என்று முப்பத்திரண்டு பேர்.

பின்பக்க அறையை ஒலிப்பதிவுக்காக ஒதுக்கியிருந்தார். சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டி, கதவில் பஞ்சு மெத்தை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். எத்தனை மெத்தை தொங்கினாலும் ரயிலுக்குக் கேட்குமா? கல்கிசைப் பக்கமிருந்து ரயில் வந்தால் மேசைகூட ஆடும். ஆகவே கதவருகே ரயில் நேர அட்டவணை ஒன்றையும் ஒட்டிவைத்து, இரண்டு ரயிலுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் பதிவு செய்வோம்.

முதல் நாளே சேர், அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், எனக்கு ஒரு வித்தை காட்டினார். "மாக்ரெட், தொண்டையில விரலை வச்சுக்கிட்டு மெதுவா 'பம்பரம்'னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். முதல் 'ப'வில் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது 'ப'வில் தொண்டை வண்டு மாதிரி அதிர்ந்தது. எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. "எழுதுறது கண்ணுக்கு. நம்ம வேலை வாயோட" என்றார். எத்தனையோ ஆயிரம் தடவை அந்த எழுத்தைத் தட்டச்சில் அடித்தவள் நான். ஒருநாளும் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஒலிகளை எழுதுவதற்கென்று தனி அடையாளங்கள் உண்டு. காதால் கேட்டதை அப்படியே அந்த அடையாளங்களில் எழுதுவதுதான் எங்கள் வேலையின் உயிர். சேர் எழுதித் தருவதைத் தட்டித் தட்டி நானும் பாதி கற்றுக்கொண்டேன். திட்டம் முடியும்போது ஆய்வு உதவியாளர் என்று ஒரே ஒரு நிரந்தர இடம் வரும், அந்த ஆளுடைய பெயர் புத்தகத்தின் உள்முகப்பில் சேருடைய பெயருக்குக் கீழே அச்சாகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்கு என்னைவிட்டால் வேறு யார்? எங்கள் வீட்டில் அம்மா கோயிலுக்கு நேர்த்தியே வைத்துவிட்டார். எனக்குச் சேர் மேல் ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெயர் அச்சில் வர வேண்டும். அவ்வளவுதான்.

அப்போதுதான் லுத்பியா வந்தாள்.

தெஹிவளையில் இருந்து, முஸ்லிம் பேச்சுக்கு மாதிரியாக அவளைக் கூட்டி வந்தார்கள். இருபத்து நாலு வயது. பத்தாம் வகுப்போடு நின்றவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். பதிவு முடிந்ததும் சேர் வழக்கமாகச் செய்கிற காதுச் சோதனையைச் செய்தார். சிங்களத்தில் மலைக்கும் மரத்தின் அடிக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றில் நடுவே மூக்கொலி முழுதாக வரும், மற்றதில் பாதியோடு வழுக்கிப் போகும். பஸ்ஸிலும் சந்தையிலும் தினம் சிங்களம் பேசுகிற எனக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டதே இல்லை. சேர் திரும்பி நின்று பதினைந்து தடவை மாற்றி மாற்றிச் சொன்னார். அவள் பதினைந்தும் சரியாகச் சொன்னாள்.

"எங்க படிச்சீங்க?" என்று சேர் கேட்டார்.

"படிக்கல்ல சேர். எண்ட தங்கச்சி ஜெஸீமாக்குக் காது கேக்காது. அவக்கு நான்தான் கதைக்கப் பழக்கின."

"எப்படிப் பழக்கினீங்க?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். தங்கச்சியின் ஒரு கையைத் தன் தொண்டையில் வைத்து, மறு கையை அவளுடைய தொண்டையிலேயே வைப்பாளாம். அதிர்கிற ஒலி, அதிராத ஒலி. 'ம'வுக்கும் 'ன'வுக்கும் மூக்கின் பக்கத்தில் விரல். வாயில் காற்று வெடித்து வருகிறதா என்று பார்க்க ஒரு துண்டு மெல்லிய தாள். நாக்கு எங்கே போய் முட்டுகிறது என்று காட்ட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. "வெளில தெரியாத ஒலியளுக்கு கொஞ்சம் சீனிய மேலண்ணத்துல தேச்சுவிட்டு, நாக்கால தொடச் சொல்லுவன் சேர். இனிப்பு எங்க ஈக்குதோ அங்கதான் நாக்குப் போகணும்."

சேர் கதிரையைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "மூணு வருஷம் லண்டன்ல நான் படிச்சதை இந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சிருக்கு" என்றார்.

என் பொறாமை எப்போது தொடங்கியது என்று கேட்டால் எனக்கு நிமிடக் கணக்கில் சொல்லத் தெரியும். அவர் எழுந்து நின்ற அந்த நிமிடம். மூன்று வருடமாக நான் அவருக்கு முன்னால் தட்டச்சு செய்கிறேன். எனக்காக அவர் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதல் அவளும் தினம் வேலைக்கு வரத் தொடங்கினாள். அடையாளங்களை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். நான் எரிச்சலை மறைக்கவில்லை. அவள் சீனியும் தேயிலையும் கலந்து ஊற்றித் தருகிற தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பேன். அவளோ ஒன்றையும் கண்டுகொள்ளாதவள் மாதிரி, "மாக்ரெட், உங்கட வாசிப்பக் கேக்க ஒரு நாளைக்கு உங்கட கோயிலுக்கு வரவா?" என்று கேட்பாள்.

ஒருநாள் நாக்குச் சோதனை நடந்தது. கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். பிறகு வாய்க்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தால், நாக்கு பட்ட இடத்தில் அண்ணம் கறுத்திருக்கும். "முதலில் நான்" என்று முன்னால் போய் உட்கார்ந்தேன். சொல் 'மழை'. என் சொல். கிண்ணம் வாங்கித் தந்த சொல். சொன்னேன். சேர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, நாக்கு மேல போய் நல்லா ஒட்டியிருக்கு. 'ள'வுக்கும் உங்களுக்கு இதே இடம்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது தப்பே இல்லை மாக்ரெட். இங்க முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சொல்றாங்க. உங்களுக்குத்தான் தெரியலை" என்று அவர் ஆறுதல் சொன்னார். அது ஆறுதலா? கரி பிடித்த வாயோடு நான் நின்றேன். லுத்பியா தண்ணீரும் தன் கைக்குட்டையும் கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் கைக்குட்டையை நான் வாங்கவில்லை. என் சேலைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டேன். அந்தக் கறை போகவேயில்லை.

வருடக் கடைசியில் நிரந்தர இடத்துக்கு ஆள் தெரிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு வருவதாக முடிவாயிற்று. நானும் அவளும்தான் போட்டி. ஆளுக்கொருவரைத் தங்கள் பகுதியில் இருந்து கூட்டி வந்து, இயல்பாகப் பேசவைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்து, அதை அடையாளங்களில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரே ஒரு நாடாச் சுருள். இறக்குமதி நின்று, சாப்பிடும் பாணுக்கே வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டு நாடா இன்னொன்று கேட்டால் சேர் எங்கே போவார்? அந்த ஒன்று பாழானால் பாழானதுதான்.

நான் எங்கள் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற அம்மாவைக் கூட்டி வந்து பதிவை ஒழுங்காக முடித்துவிட்டேன். எழுத்து வேலை சுமார்தான். எனக்கே தெரியும். லுத்பியா தன் ஸமீமா சாச்சியைக் கூட்டி வந்தாள். தாயின் தங்கை. சாச்சி வாயைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டுக் கோழி, தண்ணீர்க் குழாய் வரிசை என்று கொட்டிக்கொண்டே இருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சேரையே இரண்டு தடவை சிரிக்க வைத்துவிட்டார். இந்தப் பேச்சை அந்தக் காது எழுதினால் போட்டியே இல்லை.

சாச்சியை உள்ளே உட்கார்த்திவிட்டு, பக்கத்து வீட்டில் வானொலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று லுத்பியா வெளியே போனாள். சேர் முன்னறையில் இருந்தார். நான் சாச்சிக்குத் தேநீர் கொண்டுபோனேன். பதிவு இயந்திரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து சொன்னேன்:

"சாச்சி, இப்ப வாசலில கதைச்ச மாதிரிக் கதைச்சிடாதீங்கோ. இது பெரிய ஆக்கள் கேக்கிற மெஷின். வீட்டுக் கதை கதைச்சால் சிரிப்பாங்கள். பேப்பரில இருக்கிற மாதிரி, ரேடியோவில வாசிக்கிற மாதிரிக் கதையுங்கோ. லுத்பியாக்கு இந்த வேலை கிடைக்க வேணுமெண்டால் அப்பிடித்தான் செய்ய வேணும். நான் சொன்னனான் எண்டு சொல்லாதீங்கோ."

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைவிட எளிதான பொறி வேறு இல்லை. நம் ஆட்களுக்கு முன்னால் ஓர் இயந்திரத்தை வைத்து 'நல்லாகப் பேசு' என்று சொன்னால் போதும், வீட்டு வாயைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தக வாயை மாட்டிக்கொள்வார்கள். புத்தக வாயில் எங்கள் ஆய்வுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாச்சி நான் சொன்னபடியே செய்தார். "எனது பெயர் ஸமீமா ஆகும். நான் தெஹிவளையில் வசித்து வருகின்றேன்" என்று தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் அந்தத் தமிழ் தீர்ந்துபோயிற்று. லுத்பியா என்ன கேட்டாலும் "ஆம், அவ்வாறே" என்றார். கடைசியில் வானொலி மரண அறிவித்தல் ஒன்றை நினைவில் இருந்து எடுத்து, காலஞ்சென்ற தன் மாமனாருக்கு யார் யார் அன்பு மக்கள், யார் யார் மருமக்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி முடித்தார். வெளியே வந்தபோது லுத்பியாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "சாச்சி பயந்துட்ட" என்று மட்டும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டபடி சாச்சியும் வாயைத் திறக்கவில்லை. நான் அன்று கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துச் சிரித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. நல்ல பசி எடுத்தது.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். மறுநாள் காலை சேர் கூப்பிட்டார். நாடாவைத் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். லுத்பியாவும் பக்கத்தில் நின்றாள். "இது யாரு குரல்?" என்று கேட்டு, காதில் வைத்திருந்ததைக் கழற்றி, ஒலிபெருக்கியைத் திருகினார். 'சாச்சி, இப்ப வாசலில கதைச்ச மாதிரி' என்று என் குரல் அறை முழுக்க வந்தது.

விளக்கு எரியவில்லையே என்று கேட்பீர்கள். எரிந்துகொண்டுதான் இருந்தது. பேச வருகிறவர்கள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் விறைத்துப் போகிறார்கள், ஆகவே அதன் மேல் கறுப்புத் துணி நாடா ஒட்டிவிடலாம், இயந்திரத்தை முதலிலேயே ஓடவிட்டு வெளியே போய்விடலாம், பதிவாகிறது என்று தெரியாதபோது இயல்பாகப் பேசுவார்கள் என்று என் பதிவு முடிந்த பிறகு, பத்து நாளைக்கு முன், லுத்பியா யோசனை சொல்லியிருக்கிறாள். சேர் அதை ஓர் அறிவித்தலாக எழுதி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். அதைத் தட்டச்சு செய்தது யார்? நான்தான். கரித்தாள் வைத்து மூன்று பிரதி. தட்டச்சு செய்கிறவர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள். அடிக்கும்போது எழுத்துகளைத்தான் பார்ப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதை என் கதை.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் சேருடைய கண்கள் மின்னிக்கொண்டிருந்தன. "கொட்டாஞ்சேனைப் பேச்சு இவ்வளவு இயல்பா வர்றதை மூணு வருஷமா தேடுறேன். நீங்க மைக்குக்கு முன்னாடி வந்தா கோயில்ல வாசிக்கிற மாதிரியே பேசுவீங்க. இதுதான் உங்க சொந்த வாய். இந்த 'சொல்லாதீங்கோ'வைக் கேளுங்க, கடைசி உயிரெழுத்து எவ்வளவு நீளுது பாருங்க" என்று ஐந்து தடவை போட்டுக் காட்டினார். அர்த்தம் அவர் காதில் விழவேயில்லை. நம்புவது கடினம்தான். ஆனால் அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் சாவு என்று ஒரு மனிதர் அழுதுகொண்டே லீவு கேட்டபோது, அந்த அழுகையில் மூக்கொலி எங்கே ஏறுகிறது என்று குறித்துக்கொண்டவர் அவர். லீவும் கொடுத்தார்.

லுத்பியாவுக்கு அர்த்தம் கேட்டது. அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"சாச்சி பேசினது உதவாது. இந்த நாப்பது வினாடியே போதும். லுத்பியா, குழுவுக்கு இதை எழுதிக் கொடுங்க" என்றார் சேர்.

மூன்று நாள் அவள் அந்த அறைக்குள் இருந்தாள். நாற்பது வினாடியையும் துண்டு துண்டாகப் போட்டுக் கேட்டாள். மெத்தை தொங்கின கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு 'நான் சொன்னனான்' என்று கேட்கும். நிற்கும். நாடா பின்னால் சுற்றும். மறுபடி 'நான் சொன்னனான்'. என் துரோகத்தை என் வாயாலேயே நாள் முழுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த நாடா. ரயில் வந்தால் ஒரு நிமிடம் எனக்கு நிம்மதி.

நான்காம் நாள் அவள் எழுதியதை நான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. தட்டச்சு இயந்திரத்தில் பல அடையாளங்கள் கிடையாது. இருக்கிற எழுத்துகளை நான் அடித்து, இல்லாத இடத்தில் வெற்றிடம் விட, பக்கத்தில் உட்கார்ந்து பேனாவால் அவள் அதை நிரப்புவாள். அதுதான் எங்கள் வழக்கம். இந்தத் தடவை நான் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துக்கொண்டே அடித்தேன்.

"மாக்ரெட், இதுக்குக் கீழ கொஞ்சம் இடம் விடுங்க" என்றாள்.

"ஏன்?"

"'லுத்பியாக்கு' எண்டு சொல்லக்குள்ள உங்கட தொண்டை இறுகுது. மத்த எடத்துல எல்லாம் நல்லா ஓடுது. எண்ட பேர் வாற எடத்துல மட்டும்தான் இறுகுது. அதுக்கு ஒரு அடையாளம் போடணும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் இடம் விட்டேன். தன் பெயரின் எழுத்துகளுக்குக் கீழே சின்னச் சின்ன நெளிகோடுகள் போட்டாள்.

"சேருக்குச் சொல்லப் போறீங்களோ?" என்று கேட்டேன்.

"அவர் எத்தின தரம் கேட்ட? அவருக்கே வெளங்கல்ல. எனக்கு ஒலிய எழுதுறதுதான் வேல." பேனாவை மூடினாள். பிறகு, "பேசினவங்கட பேர் போடணுமே. மத்த எல்லார்ட பேரும் ஈக்குது. உங்கட பேரப் போடவா?" என்றாள்.

அச்சில் என் பெயர். எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது. நாற்பது வினாடி துரோகத்தின் தலையில்.

"வேண்டாம்" என்றேன். 'மாதிரி பதினான்கு: பெண், வயது இருபத்தாறு, கொட்டாஞ்சேனை' என்று நானே அடித்தேன்.

குழு வந்தது. அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு லுத்பியாவைத் தெரிவு செய்தது. இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தபோது உள்முகப்பில் சேர் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. பின்னால் நன்றி சொல்லி முப்பத்தொரு பெயர்கள். ஸமீமா சாச்சியின் பெயர்கூட இருந்தது. மெழுகுதிரி அம்மாவின் பெயர் இருந்தது. மாதிரி பதினான்குக்கு நேரே மட்டும் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் வயிற்றெரிச்சலுக்கு நெய் ஊற்றின கதைதான். அவளுக்கு ஹாஷிம் என்று ஒரு நல்ல மனிதன் கணவனாகக் கிடைத்தான். மழை வந்தால் குடையோடு வந்து வாசலில் நிற்பான். தங்கச்சி ஜெஸீமா தையல் கடை வைத்து, வருகிறவர்களிடம் வாய் திறந்து அளவு கேட்கும் அளவுக்கு வந்தாள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகள் எரிந்தன. எங்கள் நிலையமும் எரிந்தது. முட்டை மட்டையும் மெத்தையும் நன்றாகப் பற்றியிருக்கும். முப்பத்திரண்டு பேருடைய குரலும் போயிற்று. லுத்பியா தன் வீட்டு அலுமாரியில் வைத்திருந்த ஒரே ஒரு சுருள் தப்பியது. அது பதினான்கு. ஏன் அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாய் என்று நான் கேட்டதில்லை.

பிறகு காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகத் தெஹிவளையில் ஒரு பயிற்சி வகுப்புத் தொடங்கினாள். வேலை இல்லாமல் இருந்த என்னைத் தட்டச்சுக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். அதற்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள். இருபது வருடம், வருகிற ஒவ்வோர் அணிக்கும் முதல் பாடம் மாதிரி பதினான்கு. வேறு குரல்தான் மிஞ்சவில்லையே. பக்கத்து அறையில் நான் தட்டச்சு செய்ய, இருபது பேர் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒரே குரலில் 'நான் சொன்னனான் எண்டு சொல்லாதீங்கோ' என்று பயிற்சி செய்வார்கள். அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன வாரம் அவளுடைய கடைசி வகுப்பு. ஓய்வு பெற்று இரண்டு வருடமான என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் மறுபடி பதினான்கையே போட்டாள். முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"மெடம், இதில வாற லுத்பியா நீங்கதானே. அப்ப கதைக்கிறது ஆர்?"

"பேர் போட வேணாம் எண்டு அவ சொன்ன. அதனால சொல்ல ஏலாது."

"பொல்லாத மனுசி போல" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

லுத்பியா என் பக்கம் திரும்பவேயில்லை. "இல்ல மகள். பயந்த மனுசி. எண்ட பேர் வாற எடத்துல தொண்டையக் கேளுங்க. கோபம் எண்டா தொண்டை விரியும். இது ஒடுங்குது. எண்ட தங்கச்சி எல்லாருக்கும் முன்னால மொதல் தரம் வாயத் தொறந்த நேரம் அவட தொண்டையும் இப்புடித்தான். நான் கையால தொட்டுப் பாத்தன்" என்றாள். நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடியும் போட்டாள்.

முப்பது வருடமாக அந்த நெளிகோட்டைப் பொறாமை என்றுதான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பார்த்தீர்களா, என் தொண்டையையும் எனக்கு முந்தி அவள் வாசித்துவிட்டாள். எழுந்து 'அது நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். அதே இடம்தான் இறுகியிருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். பின்பக்கத்தில் பதினான்குக்கு நேரே நான் விட்ட வெற்றிடம் அப்படியே இருந்தது. பேனாவால் 'மாக்ரெட்' என்று எழுதினேன். மலருக்கு வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இதைத்தான் கொடுக்கப் போகிறேன். பிழை இருந்தால் லுத்பியா திருத்தட்டும். பெயரை மட்டும் எடுக்க வேண்டாம்.